குரல் கேட்டாலே மனச்சிதைவா? வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

சென்ற இதழில் மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரீனியா பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், தனக்குத்தானே சிரிப்பது என்று மூன்று அறிகுறிகளைத் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். வந்த கடிதங்களில் பாதி 'எனக்கும் இது இருக்கிறது', மீதி 'என் வீட்டுக்காரருக்கு இது இருக்கிறது'. கட்டம் கட்டியது ஆசிரியர் குழு என்றாலும் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதனால் இந்த முறை பதில்கள் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். மூன்று மாதமாகக் காலேஜுக்குப் போகவில்லை, ஜன்னலைத் திறக்க விடுவதில்லை, டி.வி.யில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்கிறான். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆனால் சீட்டில் 'சைக்கோசிஸ்' என்று மட்டும் எழுதிவிட்டு, 'பெயரை அப்புறம் பார்க்கலாம்' என்கிறார். பக்கத்து வீட்டு நர்ஸ், 'டி.வி. தன்னைப் பற்றிப் பேசுகிறது என்றாலே ஸ்கிசோஃப்ரீனியாதான்' என்று சொல்கிறார். டாக்டருக்குத் தெரியவில்லையா, அல்லது மறைக்கிறாரா? (ஒரு தாய், ராஜபாளையம்)

பதில்: அம்மா, அவர் மறைக்கவும் இல்லை, தெரியாமல் முழிக்கவும் இல்லை. ஜுரம் என்று வருகிறவருக்கு முதல் நாளே டைஃபாய்டு என்று எழுதிவிடாமல் இரண்டு நாள் பார்க்கிறோமே, அந்த மாதிரிதான் இதுவும். சைக்கோசிஸ் என்றால் நிஜத்தோடு இருக்கும் பிடி தளர்ந்துபோன நிலை. அது மனச்சிதைவால் வரலாம். மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்குகிற பைபோலார் நோயின் உச்சத்தில் வரலாம், கடுமையான மனச்சோர்வில் வரலாம், கஞ்சாவால் வரலாம், மூளையைத் தொடும் ஏதோ ஒரு காய்ச்சலாலும் வரலாம். டி.வி. தன்னைப் பற்றிப் பேசுகிறது என்பது இவை எல்லாவற்றிலும் நாங்கள் கேட்கிற பேச்சு. நர்ஸ் அம்மா சொன்னதில் பாதி சரி, அந்த மீதிப் பாதிக்காகத்தான் உங்கள் டாக்டர் காத்திருக்கிறார்.

இந்த நோயைப் பொறுத்தவரை காலமும் ஒரு அறிகுறி. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டுப்படி முக்கிய அறிகுறிகள் ஒரு மாதமாவது இருக்க வேண்டும், ஆரம்பத் தடுமாற்றத்தையும் சேர்த்தால் மொத்தம் ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு மாதம் போதும். ஏன் இந்தக் காத்திருப்பு என்றால், திடுதிப்பென்று ஆரம்பித்துச் சில வாரங்களில் சுத்தமாகத் தெளிந்துவிடுகிற சைக்கோசிஸ் ஒன்று உண்டு, அதை நம்மைப் போன்ற நாடுகளில் நிறையவே பார்க்கிறோம். அப்படிப்பட்ட பையனுக்கு முதல் வாரத்திலேயே ஸ்கிசோஃப்ரீனியா என்று எழுதிவிட்டால், நோய் போன பிறகும் அந்தச் சொல் கல்யாணம் வரைக்கும் பின்னாலேயே வரும். சிகிச்சை பெயருக்காகக் காத்திருப்பதில்லை. மாத்திரை தொடங்கிவிட்டதே, அதுதான் இப்போது முக்கியம். நீங்களாக அதை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் டாக்டருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் என்கிறீர்கள். உண்மையிலேயே மூன்று மாதம்தானா? போன தீபாவளிக்கு எப்படி இருந்தான், பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்தபோது வெளியே வந்து பேசினானா, இரண்டாம் வருடத்தில் எந்த செமஸ்டரில் அரியர் விழ ஆரம்பித்தது, வீட்டுக்கு வந்துபோன நண்பன் எப்போதிலிருந்து வருவதில்லை என்று பண்டிகை பண்டிகையாகப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்று மாதம் என்று தொடங்கிய கதை இப்படிப் போனால் ஒன்றரை வருடத்தில் போய் நிற்கும். அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். 'சந்தேகப்படுகிறான்' என்று எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது, 'மாடி டேங்கில் கேமரா இருக்கு, குளிக்க மாட்டேன்னு சொன்னான்' என்று எழுதினால் புரியும். செல்போனில் ஒளிந்திருந்து வீடியோ மட்டும் எடுத்துவிடாதீர்கள். தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று நடுங்குகிற பிள்ளையை அம்மாவே மறைந்திருந்து படம் பிடித்தால் அவன் சந்தேகத்துக்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சாகவேண்டும் என்று பேசினாலோ, 'குதி', 'வெட்டு' என்று குரல் கட்டளை போடுகிறது என்று சொன்னாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். என்ன செய்வது என்று யாரிடமாவது கேட்க வேண்டுமானால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண், தமிழில் பேசலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன், தூக்கம் வர உதவும். சென்னையில் 1980-களின் தொடக்கத்தில், முதல்முறையாக இந்த நோய் வந்த 90 பேரைத் தேர்ந்தெடுத்து வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலானவர்களுக்கு அறிகுறிகள் அடங்கியிருந்தன. பெயர் ஸ்கிசோஃப்ரீனியா என்றே முடிவானாலும் கதை அதோடு முடியாது.

கேள்வி: உளவியல் முதுகலை படிக்கிறேன். குர்ட் ஷ்னைடரின் 'முதல்தர அறிகுறிகள்' பட்டியலில் ஒன்று இருந்தாலே மனச்சிதைவு என்று எழுதிவிடலாம் என்கிறார் சீனியர். என் கைடு 'அதெல்லாம் பழைய கதை' என்கிறார். தேர்வில் எதை எழுதுவது, நிஜத்தில் எதை நம்புவது? (மாணவி, கோவை)

பதில்: தேர்வில் எழுத வேண்டியதை உங்கள் கைடிடமே கேட்டுக்கொள்ளுங்கள், மார்க் போடுகிறவர் அவர். நிஜத்தைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

ஷ்னைடர் ஜெர்மன் மனநல மருத்துவர். அவருக்கு முன்னால் எமில் கிரேப்லின் இந்த நோயை அதன் போக்கை வைத்து அடையாளம் கண்டார், அதாவது சின்ன வயதில் தொடங்கிப் படிப்படியாகச் சரிவது என்று. பிறகு 1908-இல் ஆய்கன் ப்ளாய்லர் அதற்கு ஸ்கிசோஃப்ரீனியா என்று பெயர் வைத்தார். ஆனால் வார்டில் நிற்கிற சாதாரண டாக்டருக்கு இதனால் என்ன பயன்? போக்கைத் தெரிந்துகொள்ள வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ப்ளாய்லர் சொன்ன அடிப்படை அறிகுறிகளோ ஆளுக்கு ஆள் வேறு மாதிரி தோன்றக்கூடியவை. ஷ்னைடர் 1939-இல், நோயாளியிடம் இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய பத்துப் பதினோரு அனுபவங்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். நோய் ஏன் வருகிறது என்று விளக்குவதற்காக அல்ல, கண்டுபிடிக்க உதவும் என்பதற்காக.

பட்டியலை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். மற்ற வாசகர்களுக்காக, நோயாளிகள் பேசுகிற விதத்தில் சொல்கிறேன். 'இப்ப தண்ணி குடிக்கிறான், இப்ப டம்ளரைக் கீழ வைக்கிறான்னு ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருக்கான்.' 'ரெண்டு பேர் என்னைப் பத்தி அவங்களுக்குள்ள சண்டை போட்டுக்கறாங்க.' 'நான் நினைக்கிறது எனக்கே சத்தமாக் கேக்குது.' 'இந்த நினைப்பு என் தலைக்குள்ளதான் ஓடுது, ஆனா என்னோடது இல்ல, உள்ள வெச்சுட்டாங்க.' 'பேசிக்கிட்டு இருக்கும்போதே நினைப்பை உருவிட்டாங்க.' 'கையைத் தூக்கினது நான் இல்ல, தூக்க வெக்கறாங்க.' கடைசியாக ஒன்று, எனக்கு எப்போதும் சிலிர்ப்பு தருவது: 'எதிர்வீட்டுக்காரர் கொடியில பச்சைத் துண்டு காயப் போட்டார். அதைப் பார்த்த அந்த நொடியே தெரிஞ்சுபோச்சு, என்னை முடிச்சிடத் தீர்மானிச்சுட்டாங்க.' துண்டு நிஜம், பச்சை நிறமும் நிஜம். நடுவில் எந்தப் படியும் இல்லாமல் அந்த அர்த்தம் வந்து இறங்குகிறது பாருங்கள், அதுதான் விஷயம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இழை ஒன்று உண்டு. நான் எங்கே முடிகிறேன், மற்றவர் எங்கே தொடங்குகிறார் என்ற வேலி சாய்ந்துபோயிருக்கும்.

சரி, ஒன்று இருந்தால் போதுமா? உங்கள் சீனியர் வானத்திலிருந்து பிடித்துச் சொல்லவில்லை. 1992-இல் வந்த ஐசிடி-10 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நூலில், இவற்றில் தெளிவான ஒன்று ஒரு மாதம் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்-இன் 1994-ஆம் வருடப் பதிப்பு டிஎஸ்எம்-4-இலும் விமர்சிக்கிற குரலுக்கும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற குரல்களுக்கும் அந்தச் சலுகை உண்டு. 2013-இல் டிஎஸ்எம்-5 அதை எடுத்துவிட்டது. இப்போது ஐந்து வகை அறிகுறிகளில் இரண்டாவது வேண்டும், அதில் ஒன்று தவறான திட நம்பிக்கை, மாயப் புலனுணர்வு, கோர்வையற்ற பேச்சு இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 2022 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-உம் இரண்டு கேட்கிறது. 'என்னை வேறு யாரோ இயக்குகிறார்கள்' என்ற அனுபவத்தை மட்டும் அது முக்கியமானவற்றின் வரிசையில் விட்டுவைத்திருக்கிறது.

ஏன் எடுத்தார்கள்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் குழு 2015-இல், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 21 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. மனச்சிதைவு உள்ள 100 பேரை எடுத்தால் சுமார் 57 பேரிடம்தான் முதல்தர அறிகுறி இருந்தது, 43 பேரிடம் இல்லை. வேறு நோய் உள்ள 100 பேரை எடுத்தால் அவர்களில் சுமார் 19 பேரிடம் இருந்தது. இதை ஓ.பி. கணக்காகப் போட்டுப் பாருங்கள். பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நிஜ நோயாளிகளில் ஐந்தில் இரண்டு பேரை 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவோம், அந்த நோயே இல்லாத ஐந்தில் ஒருவருக்கு முத்திரை குத்திவிடுவோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த அடுப்பில் செல்லாது.

ஷ்னைடரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அவரே இரண்டு எச்சரிக்கை வைத்திருந்தார். உடல்நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இதை வைத்து மனச்சிதைவு என்று 'அடக்கத்தோடு' சொல்லலாம் என்றார். முதல்தர அறிகுறி இல்லாமலும் இந்த நோய் இருக்கலாம் என்றும் சொன்னார். பின்னால் வந்தவர்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு அடக்கத்தை விட்டுவிட்டார்கள்.

நடைமுறையில் நான் பயப்படுவது பட்டியலைக் கண்டு அல்ல, நாம் கேட்கிற விதத்தைக் கண்டுதான். 'நீங்க நினைக்கிறது மத்தவங்களுக்குத் தெரியுதா?' என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் 'ஆமா சார்' என்பார்கள். படிவத்தில் டிக் அடித்துவிடலாம். ஆனால் 'எப்படித் தெரியுது, ஒரு உதாரணம் சொல்லுங்க' என்று ஒரு படி கீழே இறங்கினால், 'என் முகத்தைப் பார்த்தாலே எங்க அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க சார்' என்று வரும். அது அம்மாவின் திறமை, நோய் அல்ல. இன்னொருவர், 'பஸ்ல உக்காந்திருந்தேன், நான் மனசுல நினைச்சதும் முன்னாடி சீட்ல இருந்தவர் தலையைத் திருப்பினார், ஸ்பீக்கர்ல போட்ட மாதிரி எல்லாருக்கும் போயிடுச்சு' என்பார். இப்போதுதான் நாம் பேச ஆரம்பிக்கிறோம். 'பேச்சு நடுவில் நின்றுபோகிறதா' என்பதும் அப்படித்தான். பதற்றத்தில் மறந்துபோகிறவரும் ஆமாம் என்பார், 'யாரோ உருவிட்டாங்க' என்கிறவரும் ஆமாம் என்பார்.

பயிற்சிக் காலத்தில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். நாற்பது வயதுக்காரர், 'என் தம்பி எனக்கு மருந்து வைக்கப் பார்க்கிறான்' என்றார். நான் உடனே 'துன்புறுத்தப்படுவதாகத் தவறான நம்பிக்கை' என்று எழுதிவிட்டேன். பேராசிரியர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: 'தவறானதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?' வீட்டில் உள்ளவர்களை வரவழைத்து விசாரித்தால், நிலப் பிரச்சினை, அடிதடி, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கிறது. மருந்து வைக்கப் பார்த்தானா என்பது எங்களுக்குக் கடைசி வரை தெரியாது, ஆனால் பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது. அதே பேராசிரியர் ஒரு மாதம் கழித்து இன்னொரு நோயாளியைக் காட்டினார். மனைவி துரோகம் செய்கிறாள் என்று அவர் சொன்னது நிஜமாகவே நடந்திருந்தது, ஆனால் அவர் அதைத் தெரிந்துகொண்டது பால் பாக்கெட்டில் இருந்த எண்ணை வைத்து. சொல்வது நிஜமா பொய்யா என்பதைவிட, அந்த முடிவுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்று பாருங்கள். தேர்வில் இதற்கு மார்க் வராது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் இறந்து நான்கு மாதம். சாயங்காலம் ஆனால் ஈஸிசேர் பக்கம் அவர் இருமுவது கேட்கிறது. ஒருநாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உங்கள் கட்டத்தைப் பார்த்த அண்ணன் மகள் 'அத்தை, டாக்டரைப் பாருங்க' என்கிறாள். (மன்னார்குடி)

பதில்: அந்தக் கட்டத்துக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் டீச்சர். துணையை இழந்தவர்கள் பலருக்கு இது நடக்கிறது. குரல், காலடிச் சத்தம், சிலருக்கு அவர் போடும் பவுடரின் வாசனை. நாற்பது வருடம் கேட்ட இருமலைக் காது அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாது. இது மனச்சிதைவு அல்ல. தூக்கமும் சாப்பாடும் எப்படி இருக்கிறது, 'நானும் போய்விட்டால் நல்லது' என்று தோன்றுகிறதா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். அப்படித் தோன்றினால் குரலுக்காக அல்ல, அதற்காக டாக்டரைப் பாருங்கள். ஈஸிசேரை எடுத்துப் பரணில் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், உங்களுக்கே எப்போது தோன்றுகிறதோ அப்போது போதும்.

கேள்வி: என் மாமியாருக்கு ஆடி மாதம் சாமி வரும். குரலே மாறிவிடும், 'நான் மாரி பேசறேன்' என்பார். போன வருடம் என் நாத்தனாரும் அதே மாதிரி பேசினாள், அவளுக்கு நோய் என்று மாத்திரை கொடுக்கிறார்கள். ஒருத்திக்குச் சாமி, ஒருத்திக்கு நோயா? (மதுரை)

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் கோபமும் இருக்கிறது, நியாயம்தான். வேறொன்று தன் உடலை இயக்குகிறது என்ற அனுபவம் மேலே சொன்ன பட்டியலில் இருக்கிறதே, அதை அப்படியே எடுத்து வைத்தால் உங்கள் மாமியார் மாட்டிக்கொள்வார். ஆனால் அவருக்கு அது உடுக்கைச் சத்தத்தில், கூட்டத்தின் நடுவில், வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. திருநீறு போட்டுத் தண்ணீர் தெளித்தால் இறங்கிவிடுகிறது, மறுநாள் காலையில் இட்லிக்கு மாவு கரைக்கிறார். ஊருக்கு அது புரிகிறது, அவருக்கும் பாரமாக இல்லை. உங்கள் நாத்தனாருக்கு எப்படி? கோயிலுக்கு வெளியேயும் வருகிறதா, ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக இருக்கும்போது வருகிறதா, வந்தது போகாமல் நிற்கிறதா, சமையல், குழந்தை, தூக்கம் எல்லாம் கெட்டுப்போகிறதா? சாமி நம்பிக்கை உள்ள பெரியவர்களே 'இது சாமி மாதிரி இல்லையே' என்று முணுமுணுத்தார்களா? நான் அந்த முணுமுணுப்பை மிகவும் மதிப்பேன். எது தங்கள் வழக்கம், எது வழக்கத்தை மீறியது என்று எங்களுக்கு முன்பே ஊர் கண்டுபிடித்துவிடும்.

நோயிலும் ஊர் வாசனை இருக்கும். டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளர், சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து, குரல் கேட்கிற மனச்சிதைவு நோயாளிகளைக் கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களில், இடத்துக்கு 20 பேராகப் பேட்டி எடுத்தார். அமெரிக்கர்களுக்குக் கேட்டது பெரும்பாலும் வன்முறைக் குரல்கள், முகம் தெரியாதவர்களுடையவை. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்: குளி, சாப்பிடு, அந்த வேலையை முடி என்று அதட்டல், ஆலோசனை. ஆக, குரல் அன்பாகப் பேசுகிறது, கடவுள் மாதிரி பேசுகிறது என்பதற்காக நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கோயிலுக்கும் போகட்டும், மாத்திரையும் போடட்டும். இரண்டில் ஒன்றை விடச் சொல்லி வீட்டில் சண்டை வேண்டாம்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியாதா? தெரியாது என்றால் தம்பிக்கு ஏன் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், பணம் பிடுங்கவா? (சேலம்)

பதில்: ஸ்கிசோஃப்ரீனியா என்று அச்சடித்துக் கொடுக்கிற பரிசோதனை இன்றைய தேதிக்கு உலகத்தில் எங்கும் கிடையாது. ஸ்கேன் எடுப்பது அந்த நோயைக் கண்டுபிடிக்க அல்ல, மற்றதை விலக்க. மூளைக் கட்டி, வலிப்பு நோய், தைராய்டு, பி12 குறைவு, சிஃபிலிஸ், எச்.ஐ.வி., ஸ்டீராய்டு மாத்திரை என்று மனச்சிதைவு வேஷம் கட்டக்கூடியவை நிறைய. 2007-இல் ஜோசப் டால்மாவ் குழு விவரித்த மூளை அழற்சி ஒன்று இருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி மூளை நரம்பணுக்கள் செய்தி வாங்கிக்கொள்ளும் வாசல்களான என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த இளம்பெண் திடீரென்று குரல் கேட்கிறது என்பாள், சில நாளில் வலிப்பு வரும், வாய் கோணிக் கோணி அசையும். இதைப் பேய் என்று கோடாங்கியிடமும், மனநோய் என்று எங்களிடமும் சுற்றவிட்டால் உயிருக்கே ஆபத்து. நேரத்துக்கு நரம்பியல் டாக்டரிடம் போனால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஒரு குறிப்பு. காதில் கேட்பதைவிடக் கண்ணில் காண்பதுதான் பிரதானம் என்றால், நினைவு மங்கி மங்கித் தெளிகிறது என்றால், ஜுரமோ தலைவலியோ கூட இருக்கிறது என்றால், ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறை வருகிறது என்றால், நான் முதலில் உடலைத்தான் சந்தேகிப்பேன். தம்பி கஞ்சா, போதை மாத்திரை பக்கம் போனாரா என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது ஸ்கேனில் தெரியாது.

கேள்வி: இணையத்தில் படித்தேன், அத்தனை அறிகுறியும் எனக்குப் பொருந்துகிறது. எனக்கு ஸ்கிசோஃப்ரீனியாவா? (ஐ.டி. ஊழியர், சென்னை)

பதில்: உலக சுகாதார நிறுவனம் 1960-களின் கடைசியில் ஒன்பது நாடுகளில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது, நம் நாட்டில் ஆக்ராவில் நடந்தது. மனச்சிதைவு நோயாளிகளிடம் அதில் மிக அதிகமாகக் கண்ட அம்சம் குரல் அல்ல, அது 74 சதவீதம்தான். 97 சதவீதத்தினரிடம் இருந்தது, தனக்கு நோய் இருப்பதே தெரியாத நிலை. சந்தேகப்பட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறவருக்கு நோய் இருக்கவே முடியாது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன், ஆரம்பத்தில் சிலருக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் நான் பார்ப்பது பதற்றமும் ராத்திரி இரண்டு மணிவரை தேடலும்தான். ஒருமுறை நேரில் போய்க் காட்டிவிட்டுத் தேடுவதை நிறுத்துங்கள்.

கேள்வி: அக்காவுக்கு ஒரு டாக்டர் பைபோலார் என்றார், இன்னொருவர் ஸ்கிசோஃப்ரீனியா என்கிறார். யாரை நம்புவது? (திருச்சி)

பதில்: இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. 1960-களில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் ஸ்கிசோஃப்ரீனியா என்று எழுதப்பட்டவர்கள் லண்டனைவிட மிக அதிகம். அமெரிக்காவில் நோய் கூடுதலா என்று ஆராயப் போனார்கள். ஒரே பேட்டி முறையில் பயிற்சி பெற்ற டாக்டர்கள் இரண்டு ஊர் நோயாளிகளையும் பார்த்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. வித்தியாசம் நோயாளிகளிடம் இல்லை, டாக்டர்களின் பேனாவில் இருந்தது. 1973-இல் டேவிட் ரோசன்ஹான் என்ற உளவியலாளர் இன்னும் பெரிய குண்டு போட்டார். மனநோய் இல்லாத எட்டுப் பேர் 12 ஆஸ்பத்திரிகளுக்குப் போய், குரல் கேட்கிறது என்ற ஒரே ஒரு அறிகுறியைப் பொய்யாகச் சொன்னார்கள், எல்லா இடத்திலும் அட்மிஷன், ஒன்று தவிர எல்லா இடத்திலும் ஸ்கிசோஃப்ரீனியா என்று பதிவு என எழுதினார். பின்னாளில் அந்த ஆய்வு சொன்னபடி நடந்ததா என்பதிலேயே பலமான சந்தேகம் வந்துவிட்டது, அதனால் அதை வைத்து நான் வாதாட மாட்டேன். ஆனாலும் அந்தக் கலக்கம்தான் 1980-இல் வந்த டிஎஸ்எம்-3-இல் அறிகுறிகளை எண்ணி, நாளைக் கணக்கிட்டு எழுதும் முறையை எல்லோரும் ஏற்க ஒரு காரணம்.

அக்கா விஷயத்துக்கு வருவோம். இரண்டு டாக்டரும் இரண்டு வேறு வாரங்களில் பார்த்திருக்கிறார்கள். முதலாமவர் பார்த்தபோது தூக்கமில்லாமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டு, கடன் வாங்கி நகை வாங்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனநிலை உச்சத்தில் இருக்கும்போது குரலும் கேட்கலாம், 'என்னை இயக்குகிறார்கள்' என்றும் தோன்றலாம், முதல்தர அறிகுறி என்று சொல்கிறவை அங்கேயும் வரும். மனநிலை சமநிலைக்கு வந்த பிறகும் குரல் தொடர்ந்து இருந்ததா என்பதுதான் இங்கே கேள்வி. அதை டாக்டர் பார்க்க முடியாது, கூட இருந்த நீங்கள்தான் பார்த்திருப்பீர்கள். பழைய சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரே டாக்டரிடம் தொடர்ந்து காட்டுங்கள்.

கேள்வி: ஸ்கிசோஃப்ரீனியா என்றால் ஒரு ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பதுதானே? (கடலூர்)

பதில்: இல்லை. அது சினிமா. பெயரில் 'பிளவு' என்ற பொருள் இருப்பதால் வந்த குழப்பம். ஜப்பானில் 'மனம் பிளந்த நோய்' என்ற பழைய பெயரை 2002-இல் மாற்றியே விட்டார்கள். நம் 'மனச்சிதைவு'ம் கேட்க அவ்வளவு நன்றாக இல்லைதான்.

கேள்வி: என் மகளுக்கு 26 வயது, பி.காம். இரண்டு வருடமாக வேலைக்கு முயற்சி செய்யவில்லை, குளிக்கச் சொன்னால்தான் குளிக்கிறாள், கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். குரல் கேட்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். சந்தேகமும் கிடையாது. அப்படியென்றால் நோய் இல்லைதானே? சோம்பேறி என்கிறார்கள். டாக்டரிடம் வர மறுக்கிறாள். சொந்தத்தில் ஒருவர் காபியில் மாத்திரை கலந்து கொடுக்கச் சொல்கிறார். (அப்பா, நாகர்கோவில்)

பதில்: ஐயா, எனக்கு மிகவும் கவலை தருகிற கடிதம் உங்களுடையதுதான், ஏனென்றால் இந்த மாதிரி பிள்ளைகள்தான் மிகவும் தாமதமாக வருகிறார்கள். ஜன்னலை அடித்து உடைக்கிறவனைத் தெருவே சேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடும். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணை யார் கொண்டுவருவார்கள்? அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லையே. மனச்சிதைவில் இருப்பவை கூடுகின்ற அறிகுறிகள் மட்டும் அல்ல, குறைகின்ற அறிகுறிகளும் உண்டு. பேச்சு குறையும், முகத்தில் உணர்ச்சி குறையும், எதையும் தொடங்கும் உந்துதல் குறையும். குரல் கேட்காமலேயே வருடக்கணக்கில் இது ஓடலாம். கேட்டாலும் சிலர் உங்களிடம் சொல்லமாட்டார்கள்.

ஆனால் இவற்றுக்கு முத்திரை மதிப்பு இன்னும் குறைவு. மனச்சோர்வில் அப்படியே இதே படம் வரும், தைராய்டு குறைந்தாலும் வரும். சோர்வு என்றால் உள்ளே வலி இருக்கும், கேட்டால் கண் கலங்கும், 'என்னால எல்லாருக்கும் கஷ்டம்' என்ற பேச்சு வரும். மனச்சிதைவில் பல நேரம் அந்த வலிகூட வெளியே தெரியாது. கடிதத்தை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, சோம்பேறித்தனம் என்ற பேச்சை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டு வருடம் ஒரு பெண் தலை வாராமல் இருப்பதற்கு அது பெயரல்ல.

காபியில் மாத்திரை வேண்டவே வேண்டாம். என்ன நோய் என்றே பார்க்காமல் மருந்து கொடுப்பது முதல் தப்பு. ஒருநாள் டம்ளர் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை அவள் பார்த்துவிட்டால், அதுவரை இல்லாத சந்தேகத்தை நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும், அப்புறம் உங்கள் கையால் சோறுகூடச் சாப்பிட மாட்டாள். அவள் வராவிட்டால் முதலில் நீங்களும் அவள் அம்மாவும் மட்டும் போங்கள். அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் யார், எந்த நாளில் வருகிறார் என்று அங்கே கேட்டால் சொல்வார்கள், வீட்டுக்கு வந்து பார்க்க வழி இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். போகும்போது அவளுடைய பழைய மார்க் ஷீட்டும், காலேஜ் ஆண்டு விழாவில் எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். இப்போது எப்படி இருக்கிறாள் என்பதை டாக்டர் எப்படியும் பார்த்துவிடுவார். முன்பு எப்படிச் சிரிப்பாள் என்பது உங்களிடம்தான் இருக்கிறது.